வசனம் எங்கே?

இறந்தவர்களுக்காகப் பிரார்த்திக்கலாமா என்று கேட்டால், சில கிறிஸ்தவ நண்பர்கள் "வசனம் எங்கே?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். கோர்ட்டிலே பத்திரம் கேட்கிற தோரணை! பத்திரத்தை நீட்டினாலோ, அதைப் பதிந்த ரிஜிஸ்தர் ஆபீசே செல்லாது என்கிறார்கள்.

மக்கபேயர் இரண்டாம் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தைச் சொல்கிறேன். போர் முடிந்து, மாண்ட வீரர்களை அடக்கம் செய்ய வருகிறான் யூதா மக்கபே. பார்த்தால், அவர்கள் அங்கிக்குள்ளே யாம்னியா ஊர் விக்கிரகங்களின் தாயத்துக்கள்! யூதனுக்கு அது மகாபாவம். சபித்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. எல்லோரும் அவர்களுக்காக மன்றாடினார்கள். யூதா 2,000 திராக்மா வெள்ளி திரட்டி, பாவப் பரிகார பலிக்காக எருசலேமுக்கு அனுப்பினான். கதை எழுதுகிறவன் நான். எனக்கு அந்தத் தாயத்துத்தான் முக்கியம். புண்ணியவானுக்காகவா வேண்டினார்கள்? கையும் களவுமாக அகப்பட்டவனுக்காக அல்லவா!

1519ல் லைப்ஸிக் நகர வாதத்தில் எக் இந்த அதிகாரத்தை எடுத்து வீசினார். அந்த நூலை ஆதாரமாக ஏற்க முடியாது என்றார் லூதர். 1546ல் டிரென்ட் சங்கம் அது வேதமே என்று உறுதி செய்தது. லூதரின் கோபத்துக்கு நியாயம் உண்டு. உத்தரிக்கிற ஸ்தலத்து வேதனையைக் காசுக்குக் குறைத்துத் தருவதாகச் சீட்டு விற்றவர்களைப் பின் என்ன செய்வது? ஆனால் கடையை மூடுவதற்காக, அழுகிறவள் வாயையும் மூட வேண்டுமா? லூதரே மூடவில்லை. இறந்தவருக்காகத் தனிமையில் ஓரிரு முறை வேண்டிக்கொள்வது பாவமல்ல என்று 1528ல் எழுதியிருக்கிறார். அவரைச் சாட்சிக்கு அழைக்கிறவர்கள் இதை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

சரி, மக்கபேயர் வேண்டாம். எல்லோரும் ஒப்புகிற தீமோத்தேயு இரண்டாம் நிருபத்தில், சிறையில் தம்மைத் தேடி வந்த ஒநேசிப்போருவின் வீட்டாருக்கு இரக்கம் கேட்கிறார் பவுல். பிறகு, நியாயத்தீர்ப்பு நாளில் அவனுக்கும் இரக்கம் கேட்கிறார். கடைசியில் வாழ்த்துச் சொல்வது வீட்டாருக்கு மட்டும். அவன் இறந்துவிட்டதாக எழுதவில்லை, வாஸ்தவம். உயிரோடிருப்பதாகவும் எழுதவில்லையே!

உடனே எபிரெயர் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தைப் புரட்டுவார்கள். மரணத்துக்குப் பின் தீர்ப்பு உண்டு என்கிறது அது. தீர்ப்பு உண்டென்றால் மனுப் போடக் கூடாது என்றா அர்த்தம்?

387ல் ஒஸ்தியாவில் சாகக் கிடந்த மோனிக்கா அம்மையார், தம் உடலை எங்கே புதைத்தாலும் சரி, பீடத்தண்டை தம்மை நினைத்துக்கொண்டால் போதும் என்று பிள்ளைகளிடம் கேட்டார். பின்னாளில் பெரிய வேதபண்டிதரான மகன் அகஸ்தீன் தாயிடம் வசனம் கேட்கவில்லை. அவருக்காக வேண்டிக்கொள்ளும்படி, தம் நூலைப் படிக்கிறவர்களையும் கேட்டு எழுதிவைத்தார்.