பழைய போட்டோக்களை 'ஜிப்' செய்யப் போகிறீர்களா? அழிக்கும் முன் இதைப் படியுங்கள்!

'ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது' என்ற அறிவிப்பு போனில் வந்ததும் பலரும் முதலில் கை வைப்பது பழைய போட்டோக்களில்தான். டிஜிட்டல் கேமரா காலத்தில் எடுத்த கல்யாணம், காதுகுத்து, சுற்றுலாப் படங்கள் எல்லாம் ஆயிரக்கணக்கில் கம்ப்யூட்டரிலும் மெமரி கார்டிலும் சிதறிக் கிடக்கும். "எல்லாத்தையும் ஜிப் பண்ணி வெச்சுடு, சைஸ் குறைஞ்சிடும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள்.

அந்த யோசனையில் பாதிதான் சரி. மீதிப் பாதியை நம்பி, ஒரிஜினல் படங்களை அவசரப்பட்டு அழித்துவிட்டால், அப்புறம் எத்தனை பணம் கொடுத்தாலும் அந்தப் படங்கள் திரும்பக் கிடைக்காமல் போகலாம்.

சைஸ் ஏன் குறைவதில்லை?

1989-ல் அமெரிக்க புரோகிராமர் பில் காட்ஸ் உருவாக்கியது ஜிப் ஃபார்மட். ஒரு ஃபைலில் திரும்பத் திரும்ப வரும் விஷயங்களைக் கண்டுபிடித்து, அவற்றைச் சுருக்கமாக எழுதி வைப்பதுதான் அதன் வேலை. மொய் நோட்டில் ஒரே ஊரிலிருந்து ஐம்பது பேர் வந்திருந்தால், ஊர்ப் பெயரை ஒருமுறை எழுதிவிட்டு கீழே ' " ' என்று போட்டுக்கொண்டே போவோமே, கிட்டத்தட்ட அப்படி. அதனால் கடிதங்கள், கணக்குப் பட்டியல்கள் போன்றவை ஜிப் செய்தால் நன்றாகவே சுருங்கும்.

போட்டோ கதை வேறு. கேமராவும் போனும் படத்தைச் சேமிக்கும்போதே ஜேபெக் போன்ற முறைகளில் சுருக்கித்தான் சேமிக்கின்றன. மெஷினில் பிழிந்த கரும்பை மறுபடி மெஷினில் விட்டால் எவ்வளவு சாறு வரும்? அவ்வளவுதான் இங்கேயும். பெரும்பாலும் சில சதவிகிதம் குறைந்தாலே அதிகம். வீடியோவுக்கும் இதே நிலைதான். பழைய ஆல்பத்தை ஸ்கேன் செய்து பிஎம்பி ஃபார்மட்டில் வைத்திருந்தால் மட்டும் சைஸ் கணிசமாகக் குறைய வாய்ப்பு உண்டு.

அப்படியானால் ஜிப் எதற்கு?

இடம் மிச்சமாகாவிட்டாலும் வேறு பலன்கள் இருக்கின்றன.

* ஐயாயிரம் தனித்தனி படங்களை பென் டிரைவுக்கு மாற்றுவதைவிட, ஒரே ஃபைலாக மாற்றுவது வேகமாக முடியும். நடுவில் சில படங்கள் விட்டுப்போகும் பயமும் இல்லை.

* வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும். எடுத்த தேதி போன்ற தகவல்களும் போய்விடும். அதையே ஜிப் செய்து 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் ஒரிஜினல் அப்படியே போய்ச் சேரும். ஒரு ஃபைல் 2 ஜி.பி. வரை இருக்கலாம்.

* ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை ஜிப் தனக்குள் எழுதி வைத்துக்கொள்கிறது. பின்னாளில் எந்தப் படமாவது கெட்டுப்போயிருந்தால், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

எப்படிச் செய்வது?

முதலில் படங்களை ஆண்டுவாரியாக, நிகழ்ச்சிவாரியாக ஃபோல்டர்களில் பிரியுங்கள். விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் ஃபோல்டர் மீது ரைட் கிளிக் செய்தால் 'கம்ப்ரஸ்' என்று தொடங்கும் வசதி இருக்கும். விண்டோஸ் 10-ல் 'சென்ட் டு' என்பதற்குள் அது இருக்கிறது. சாம்சங் போனில் 'மை ஃபைல்ஸ்', ஐபோனில் 'ஃபைல்ஸ்' ஆப்களிலும் இந்த வசதி உண்டு.

பத்து வருடப் படங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். ஒவ்வொன்றும் 2 ஜி.பி.க்குள் இருப்பது நல்லது. பல பழைய பென் டிரைவ்கள் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது.

ஃபைலின் பெயரில் ஆண்டு முதலில் வரட்டும். '2009-05-கல்யாணம்' என்பது போல வைத்தால் தானாகவே வரிசையாக நிற்கும். சில பழைய மென்பொருள்களில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால், பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைப்பது பாதுகாப்பு.

எங்கே சறுக்கும்?

ஜிப் ஃபைலுக்குள் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் அதன் கடைசிப் பகுதியில்தான் இருக்கும். காப்பி ஆகும்போது பாதியில் பென் டிரைவைப் பிடுங்கினாலோ, டவுன்லோடு நடுவில் நின்றாலோ, அந்த மொத்த மூட்டையும் திறக்காமல் போகலாம்.

பாஸ்வேர்டு போடுவதும் யோசிக்க வேண்டிய விஷயம். இங்கே 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்று கேட்க யாரும் இல்லை. போட்டே ஆக வேண்டும் என்றால், வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்று, ஜிப்புக்குள் போன படங்கள் போன் கேலரியில் தெரியாது. அடிக்கடி பார்க்க விரும்பும் படங்களை வெளியிலேயே விடுங்கள்.

கூகுள் போட்டோஸில் இருப்பவர்கள் கவனத்துக்கு

2021 ஜூன் 1 முதல், புதிதாக ஏற்றும் படங்கள் எல்லாம் 15 ஜி.பி. இலவச இடத்தில் கணக்காகின்றன. ஜிமெயிலும் டிரைவும் அதே இடத்தைத்தான் பங்கு போடுகின்றன. 'கூகுள் டேக்அவுட்' மூலம் உங்கள் படங்களை ஜிப் ஃபைல்களாக எடுத்துக்கொள்ளலாம். அந்த லிங்க் சுமார் ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும்.

பேக்கப் ஆன படத்தை அந்த ஆப்பிலிருந்து அழித்தால் போன், கிளவுட் இரண்டிலிருந்தும் போய்விடும். 'டிராஷ்' பகுதியில் 60 நாள் காத்திருக்கும். அதற்குள் மீட்காவிட்டால் அவ்வளவுதான்.

அழிக்கும் முன் மூன்று சோதனை

1. ஜிப்பை வேறொரு கம்ப்யூட்டரில் அல்லது வேறொரு ஃபோல்டரில் பிரித்துப் பாருங்கள்.

2. ஒரிஜினல் ஃபோல்டரில் எத்தனை படங்கள் இருந்தனவோ, அத்தனையும் வந்திருக்கிறதா என்று எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.

3. அங்கங்கே பத்துப் படங்களையும் இரண்டு வீடியோக்களையும் முழுதாகத் திறந்து பாருங்கள். 'செவன்-ஜிப்' என்ற இலவச மென்பொருளில் உள்ள 'டெஸ்ட்' வசதி, எல்லா ஃபைல்களையும் தானே சரிபார்த்துச் சொல்லும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும், அந்த ஜிப் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் ஆபத்து ஆபத்துதான். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பிரபலப்படுத்திய 3-2-1 விதி இதற்குக் கைகொடுக்கும். மொத்தம் 3 பிரதிகள், 2 வகையான சாதனங்களில், அதில் 1 வீட்டுக்கு வெளியே. வெளியூரில் இருக்கும் தங்கை வீட்டு பீரோவில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தாலும் போதும். வருடத்துக்கு ஒருமுறை எல்லாப் பிரதிகளையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. மூட்டை கட்டும் முன் வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படங்களைக் காட்டுங்கள். படத்தில் இருப்பது யார், என்ன உறவு, எந்த ஊர் என்று அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு சின்ன ஃபைலில் டைப் செய்து, அதையும் அதே ஜிப்புக்குள் போட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வருடப் படங்கள் என்று ஆரம்பித்தால்கூட, சில மாதங்களில் மொத்தமும் முடிந்துவிடும்.