நாற்பதுக்குச் செய்த பிரேக்

வெஸ்பா 50 பிறந்ததே சட்டத்தின் தயவில். 1963இல் இத்தாலியில் 50 சிசி வண்டிக்கு நம்பர் பிளேட் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். பதினான்கு வயதுப் பையன் ஓட்டலாம். ஒரே நிபந்தனை: மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

பையன்கள் சும்மா இருப்பார்களா? ஏறக்குறைய அதே பாடியில் பியாஜியோ 125 சிசி பிரிமவேராவையும் விற்றது. முன்னால் ஒரு நீண்ட போல்ட், பின்னால் ஷாக் அப்சார்பர், சில கேபிள்கள், ஒயர்கள், பெட்ரோல் டியூப். கழற்றினால் சின்ன டூ ஸ்ட்ரோக் இன்ஜின் கையோடு வந்துவிடும். அந்த இடத்தில் பெரியது உட்காரும். வெளியே ஐம்பது, உள்ளே நூற்றிருபத்தைந்து.

சிக்கல் பிரேக்கில். வேகம் 40இலிருந்து 80 ஆனால் நிறுத்த வேண்டிய சக்தி இரு மடங்கல்ல, நான்கு மடங்கு. அந்தச் சின்ன டிரம் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. விவரமான மெக்கானிக் முன் ஃபோர்க்கையும் பிரேக்கையும் சேர்த்தே மாற்றுவார். மற்றவர் காசை மிச்சம் பிடிப்பார்.

நம் ஊரிலும் இந்த ஆசை உண்டு. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

கெடுபிடியாகத் தோன்றலாம். ஆனால் பிரேக் பிடிக்காத வண்டிக்கு முன்னால் சாலையைக் கடப்பவர், அந்த இன்ஜினை மாற்றச் சொன்னவர் அல்ல.