பல் பிடித்துப் பார்க்க முடியாத மாடு

இலக்கியம் பேசும் இடத்தில் பழைய கார் வாங்குவதைப் பற்றி எழுதுவது சிலருக்கு உவப்பாக இராது. ஆயினும் நம்மில் பலர் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், செவிலியர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள். காலையில் ஓர் ஊரிலிருந்து கிளம்பி வேறோர் ஊரில் கையெழுத்திட்டு மாலையில் திரும்புகிறவர்கள். வீட்டுக்கு அடுத்தபடியாக வாழ்நாள் சேமிப்பை விழுங்கக்கூடிய முடிவு இந்த வாகனம்தான். அந்த முடிவைத்தான் ஒரே மாலையில், வண்டியின் நிறத்தையும் பாட்டுப்பெட்டியையும் பார்த்து எடுத்துவிடுகிறோம். பழைய காரில் விலை கொடுத்து வாங்க வேண்டியது அதன் கடந்தகாலத்தைத்தான் என்பது நம் கருத்து. கடந்தகாலம் தெரிந்த சாதாரண வண்டி, கடந்தகாலம் தெரியாத பளபளப்பான வண்டியைவிட எப்போதும் மலிவானது.

எடுத்துக்காட்டாக எம்.ரெட்டியபட்டியை வைத்துக்கொள்வோம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை ஏமாற்றினால் மல்லியும் மிளகாயும் கருகிப்போக, சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் நிலம். இங்குள்ள பள்ளிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அருப்புக்கோட்டையிலிருந்து வருகிறவருக்கும், இங்கிருந்து நகரத்து ஆலைக்கும் கடைக்கும் போகிறவருக்கும் பேருந்து உண்டு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. பேருந்து போதுமானவர்கள் பேருந்தில் போவதே நல்லது. அதை நாம் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அரைநாள் விடுப்பு என்றாகிறவர், கைக்குழந்தையோடு சித்திரை வெயிலில் இருசக்கர வாகனம் ஓட்டுகிறவர், வாரம் இருமுறை வயதான பெற்றோரை மதுரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறவர் ஆகியோருக்குக் கார் ஆடம்பரம் அன்று. அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

இந்த நிலத்துக்காரர்களுக்கு ஒரு காலத்தில் வாங்கத் தெரிந்திருந்தது. சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல் பிடித்துப் பார்த்தார்கள். இரண்டு பல்லா, நான்கு பல்லா, கடைசேர்ந்ததா என்று வயதைச் சொன்னார்கள். சுழி பார்த்தார்கள். நடக்கவிட்டுக் குளம்பு வைக்கும் விதத்தைப் பார்த்தார்கள். ஏரில் பூட்டியும் பார்த்தார்கள். தரகர் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசிய விலை மூன்றாம் மனிதருக்குத் தெரியாது. ஆனால் மாடு எந்த ஊர், யார் வீட்டுத் தொழுவம், ஏன் விற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். காரில் இது தலைகீழாகிவிட்டது. விலை இணையத்தில் ஊரறியக் கிடக்கிறது. வண்டி யார் கையில் எப்படி இருந்தது என்பதுதான் துண்டுக்குள் போய்விட்டது.

இதைப் பொருளாதாரம் முன்பே கவனித்திருக்கிறது. ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார்ச் சந்தைதான். விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லா வண்டியையும் சந்தேகித்து நடுத்தர விலைக்கு மேல் தர மறுக்கிறார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க விரும்பாமல் விலகிக்கொள்கிறார். சந்தையில் மோசமானவையே மிஞ்சுகின்றன. மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய அக்கட்டுரைதான் 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அடிப்படையாயிற்று. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எளியது: நல்ல வண்டி பெரும்பாலும் சந்தைக்கு வருவதற்கு முன்பே கைமாறிவிடுகிறது. உடன் பணிபுரிகிறவர் ஓய்வுபெறும்போது, தெரிந்த மருத்துவர் புதிய வண்டி எடுக்கும்போது, உறவினர் வெளிநாடு போகும்போது. ஆறு மாதம் காத்திருந்து சொல்லிவைத்து வாங்குகிறவரே இச்சந்தையில் பிழைக்கிறார்.

அப்படிக் கிடைக்காதபோது மெக்கானிக்கை அழைத்துப்போகிறோம். நல்லதுதான். ஆனால் விற்பவர் காட்டும் மெக்கானிக்கையோ, இருதரப்பிலும் தரகு வாங்குகிறவரையோ அழைத்துப் பயனில்லை. நாளை வழியில் வண்டி நின்றால் நாம் யாரைக் கூப்பிடப் போகிறோமோ அவரையே அழைக்க வேண்டும். பார்த்துச் சொல்வதற்கான கூலியை, வண்டி வாங்கினாலும் வாங்காவிட்டாலும், முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். "வேண்டாம்" என்று சொல்வதற்கு அவருக்கு நாம் தரும் சுதந்திரம் அது.

இந்த நிலத்தில் பார்க்க வேண்டியவை சில உண்டு. பல இடங்களில் இங்கே நிலத்தடி நீர் உப்பு. கூலன்ட்டுக்குப் பதிலாக ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றி ஓட்டிய வண்டியின் ரேடியேட்டர் உள்ளே காறை படிந்து துருப்பிடித்திருக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து பார்த்தாலே நிறம் காட்டிக்கொடுத்துவிடும். வெயிலில் நின்ற வண்டியில் ரப்பர்க் குழாய்களும் கதவு விளிம்புப் பட்டைகளும் வெடித்திருக்கும். கரிசல் புழுதி காற்று வடிகட்டியை அடைத்துவிடும். கருவேல முள் டயரைக் குத்துவது அன்றாடம். பஞ்சர் ஒட்டியதில் பெரிய குற்றமில்லை. டயரின் வயதே முக்கியம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நமக்கு மிஞ்சியிருக்கும் பல் பிடித்தல் இது ஒன்றுதான்.

இன்னொன்றையும் இவ்வட்டாரத்தார் மறக்கலாகாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை வெள்ளம் மூழ்கடித்தது. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னையிலும் வாகனங்கள் நீரில் நின்றன. நீரில் நின்ற வண்டி காய்ந்து, கழுவப்பட்டு, நறுமணம் பூசப்பட்டு வேறு மாவட்டத்தில் விலைக்கு வரும். அருப்புக்கோட்டை தூத்துக்குடி நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு அங்கே ஒளிந்திருக்கும். தரைவிரிப்பின் அடியிலும் இருக்கை போல்ட்டிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். கடலோரப் பதிவெண் கொண்ட வண்டியின் அடிப்பாகத்தையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுவது நல்லது.

எந்த வண்டி என்பது இதற்குப் பிறகு வரும் கேள்வி. ஊர் மெக்கானிக்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்த வண்டி என்பதே நம் விடை. 1983 டிசம்பரில் தெருவுக்கு வந்த மாருதி 800 இந்தியாவில் இவ்வளவு காலம் நீடித்ததற்குக் காரணம் அதன் அழகு அன்று. உதிரிபாகம் சிற்றூர்க் கடையிலும் கிடைத்தது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. இன்று அந்த இடத்தில் ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, ஐ10 போன்றவை இருக்கின்றன. இதற்கு மாறாக, இந்தியாவை விட்டுப்போன நிறுவனங்களின் வண்டிகள் ஆசை காட்டும் விலையில் கிடைக்கும். செவர்லே 2017இல் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021இல் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. டட்சன் 2022இல் விடைபெற்றது. அவற்றுள் நல்ல வண்டிகள் உண்டு. ஆனால் ஒரு சென்சாருக்காகப் பத்து நாள் காத்திருக்க நேர்ந்தால், அந்தப் பத்து நாளும் வேலைக்குப் போவது எப்படி?

எரிபொருள் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 50 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் சிறிய வண்டிக்கு ஏறத்தாழ 830 லிட்டர் வேண்டும். 13 தரும் பெரிய வண்டிக்கு ஏறத்தாழ 1,150 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று முழு எண்ணாக வைத்தால் வித்தியாசம் ஆண்டுக்கு 32,000 ரூபாய். பேரம் பேசி மிச்சம்பிடித்த இருபதாயிரம் முதல் வருடமே ஆவியாகிவிடுகிறது. டீசல் வண்டி வாங்கினால் மிச்சம் என்ற எண்ணமும் பழையது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியபின் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. டீசலில் பழுது வந்தால் செலவும் பெரிது. பெட்ரோல் வண்டியிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பங்குகளில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலானவை அதற்கென உருவாக்கப்பட்டவை அல்ல. எரிபொருள் குழாய்களையும் ரப்பர் வளையங்களையும் ஆண்டுக்கொருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

வயதில் ஒரு கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும், பின்னர் எஃப்.சி. காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான மத்தியக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கப்பட்டது. அதன்மேல் பசுமை வரி, எஃப்.சி.க்காகச் செய்யும் டிங்கர் வேலை, பெயின்ட். ஆகவே பதினான்கு வயது வண்டியின் குறைந்த விலை உண்மையில் குறைந்ததன்று. ஆறிலிருந்து பத்து வயதுக்குள், ஒரே கையில் இருந்த வண்டியைத் தேடுவதே உத்தமம். 2025 செப்டம்பர் 22 முதல் புதிய சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதால், பழையதன் விலையையும் அதற்கேற்பக் குறைத்துக் கேட்க நமக்கு நியாயம் இருக்கிறது.

இவ்வளவும் பார்த்தபின் கடைசியில் சறுக்குவது காகிதத்தில்தான். விற்பவர் 29, 30 எண் படிவங்களில் வாங்குபவர் பெயர் இல்லாமல் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுகிறார், அதை வைத்துக்கொண்டு வண்டி மூன்று கை மாறுகிறது, ஆர்.சி.யில் பழைய பெயரே நிற்கிறது. பெயர் மாற்றக் கட்டணத்தை மிச்சப்படுத்தியதாக எல்லோரும் மகிழ்கிறோம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. 2007இல் விற்ற கார் அடுத்தடுத்துப் பலர் கைக்குப் போயிற்று, 2009இல் விபத்து. இழப்பீட்டுப் பொறுப்பு யாருக்கு? பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே என்றது நீதிமன்றம். இரண்டாண்டுக்கு முன் விற்றுவிட்டு மறந்துபோனவர் ஓர் உயிருக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 50ஆம் பிரிவுப்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டையும் 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். இல்லையேல் நம் வண்டிக்கு வந்த சேதத்துக்குப் பணம் கிடைப்பது அரிது. வங்கிக் கடன் இருந்திருந்தால் 35ஆம் படிவமும் வங்கியின் தடையின்மைச் சான்றும் கையில் வராமல் முழுப்பணம் தரலாகாது. சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டு, நிலுவை அபராதங்களைப் பரிவாகன் செயலியில் பார்ப்பது அரைமணி நேர வேலை. பெயர் மாற்றத்தை நாம் வாங்குபவரின் பாதுகாப்பாக மட்டும் கருதவில்லை. நம்மை நம்பிச் சாவியைக் கொடுத்தவருக்குச் செய்யவேண்டிய கடமை அது.

தனிமனித எச்சரிக்கையால் மட்டும் இச்சந்தை நேராகிவிடாது. ஓடிய தூரம் காட்டும் மீட்டரைத் திருப்பி வைக்கும் வேலை இன்று கணினியில் சில நிமிடங்களில் முடிகிறது. பெல்ஜியத்தில் 2006 முதல் பழைய கார் விற்பவர், ஓடிய தூரத்தின் வரலாற்றைச் சான்றிதழாகத் தந்தாக வேண்டும். பிரிட்டனில் ஆண்டுச் சோதனையின்போது குறித்த மீட்டர் அளவை யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நம்மிடம் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. நம் ஊரிலும் புகைச் சோதனைக்கு எல்லா வண்டியும் வந்தாக வேண்டும். அங்கே மீட்டர் அளவைக் குறித்துப் பொதுவில் வைக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. பெரிய செலவில்லாத இந்த ஏற்பாடு மட்டும் இருந்தால், எம்.ரெட்டியபட்டிக்காரர் தாமே வண்டியின் வயதைப் படித்துக்கொள்வார்.

அதுவரை ஒரு சிறு கணக்கு. கையில் இரண்டு லட்சம் இருந்தால் ஒன்றரை லட்சத்துக்கே வண்டி தேடுங்கள். மீதியில் டயர், பேட்டரி, கிளட்ச், பெல்ட், காப்பீடு, பெயர் மாற்றம் எல்லாம் முதல் மாதத்திலேயே முடியட்டும். பிறகு வண்டியைக் கழுவிப் பளபளப்பாக்குவதை வேண்டுமானால் பொங்கலுக்கு வைத்துக்கொள்ளலாம்.