நம்ம ஊருக்கு ரெண்டு வானிலை

ஜூலை மாசத்துல போன்ல அனுமந்தன்பட்டின்னு போட்டு வானிலை பாருங்க. ஏழு நாளும் ஒரு மேகப் படம், அதுக்குக் கீழ நாலு சொட்டு. வெளிய வந்தா காத்து ஆளைத் தூக்குது, மழையைத்தான் காணோம். உடனே நம்ம வழக்கமான டயலாக்: "அவங்க மழைன்னு சொன்னா குடையை வீட்டுலயே வச்சிட்டுப் போகலாம்!"

அந்த அறிக்கை பொய் சொல்லலைங்கிறதுதான் என் கருத்து. மழை பெய்யுது, ஆனா மலையில பெய்யுது. கம்பம் பள்ளத்தாக்குல இருக்கிற நமக்கு ஒரு வானிலை பத்தாது. மலைக்கு ஒண்ணு, வயலுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வேணும்.

காரணம் நம்ம தெர்மோடைனமிக்ஸ் பாடத்துலயே இருக்கு. தென்மேற்குப் பருவக்காத்து கேரளப் பக்கம் மலை ஏறும்போது விரிஞ்சு குளிருது. ஈரம் மேகமாகி அங்கேயே கொட்டித் தீர்த்துடுது. மலை தாண்டி நம்ம பக்கம் இறங்கும்போது அதே காத்து அமுங்கி, கிலோமீட்டருக்கு சுமார் 10 டிகிரி வரைக்கும் சூடாகுது. மிச்சமிருக்கிற மேகமும் கரைஞ்சு போகுது. நமக்குக் கிடைக்கிறது காத்தும், எப்பவாவது மலை தாண்டி வந்து விழுற சாரலும்தான். பேப்பர்ல வர்ற மழையளவுப் பட்டியல்ல பெரியாறு அணை, தேக்கடி, கூடலூர், உத்தமபாளையம்னு வரிசையா பாருங்க. தென்மேற்குப் பருவத்துல மேலிருந்து கீழ வர வர எண்ணு எப்படிச் சுருங்குதுன்னு தெரியும்.

கணினி மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாப் பிரிச்சுத்தான் கணக்குப் போடுது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 2025 மே மாசம் கொண்டுவந்த பாரத் முன்னறிவிப்பு முறையில ஒரு கட்டம் 6 கிலோமீட்டர். அதுக்கு முன்னாடி 12. பெரிய முன்னேற்றம்தான். ஆனா நம்ம பள்ளத்தாக்குல ஒரே கட்டத்துக்குள்ள மலை உச்சியும் திராட்சைத் தோட்டமும் சேர்ந்து மாட்டிக்கலாம். அப்போ கிடைக்கிற சராசரி ரெண்டுக்குமே பொருந்தாது.

அறிக்கையை வாசிக்கவும் நாம பழகணும். "ஓரிரு இடங்களில் மழை"ன்னா, அந்தப் பகுதியில இருக்கிற மழை நிலையங்கள்ல 25 சதவீதம் வரைக்கும்தான் மழைன்னு அர்த்தம். மீதி இடம் காயும். அதுல உங்க தெருவும் இருக்கலாம். "கனமழை"ன்னா 24 மணி நேரத்துல 64.5 மி.மீ.க்கு மேல. ஆப்ல 40 சதவீதம்னு போட்டா, நாள்ல 40 சதவீத நேரம் மழைன்னு இல்ல. அதே மாதிரி பத்து நாள் வந்தா நாலு நாள் மழை பெய்யும்னு அர்த்தம். அடுத்த ரெண்டு மூணு நாளை ஓரளவு நம்பலாம். ஏழாவது நாளைப் போக்கு தெரிஞ்சுக்க மட்டும் பாருங்க. சித்திரை, வைகாசியில சாயங்காலம் திடீர்னு கட்டுற இடிமழையும் ஆலங்கட்டியும் எந்த ஊர்ல விழும்னு ஒரு வாரம் முன்னாடி யாராலயும் சொல்ல முடியாது. ஐப்பசி அடைமழை வேற கணக்கு. அப்போ காத்து கிழக்கே இருந்து வருது, நம்ம வயலும் நல்லாவே நனையுது. இன்னொண்ணு, வருஷா வருஷம் ரீல்ஸ்ல வர்ற "மூணாறு ஸ்னோ" பனிப்பொழிவு இல்ல, உறைபனி. அது வானத்துல இருந்து விழுறதில்ல, புல்லு மேலயே உறையுறது.

இதெல்லாம் பொது அறிவுக்காகச் சொல்லல. மலை மழை நம்ம நெல்லுக்கு. பெரியாறு அணைத் தண்ணியை நம்பித்தான் இந்தப் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோகம் நடக்குது. வயல் மழை நம்ம பன்னீர் திராட்சைக்கு. பழுத்த குலையில மழை விழுந்தா பழம் வெடிக்கும். இலை ஈரமாவே இருந்தா அடிச்சாம்பல் நோய் வரும். மருந்து அடிச்ச கையோட மழை பெஞ்சா மருந்துக் காசும் கூலியும் தண்ணியோட போச்சு. மலைக்கான மழையைத் தோட்டத்துக்குன்னு நம்பி அவசரமா வெட்டினா, இனிப்பு ஏறாத பழத்துக்கு வியாபாரி சொல்றதுதான் விலை.

சரி, நாம என்ன பண்ணலாம்? நம்ம டிபார்ட்மெண்ட்கள்ல வருஷா வருஷம் எத்தனை ஐஓடி ப்ராஜெக்ட் பண்றோம்? வைவா முடிஞ்சதும் எல்லாம் அட்டைப்பெட்டிக்குள்ள தூங்குது. அதுல பத்து மழைமானியா மாறட்டும். சின்னத் தொட்டி ஒண்ணு நிறைஞ்சு கவிழுறப்போ காந்த ஸ்விட்ச் ஒரு தடவை எண்ணும், அவ்வளவுதான் டிசைன். லோயர் கேம்ப்ல இருந்து சின்னமனூர் வரைக்கும் ஊருக்கு ஒண்ணுன்னு வச்சா, முன்னறிவிப்பு எந்த ஊர்ல எவ்வளவு தப்புதுன்னு ரெண்டு மூணு வருஷத்துல நம்ம கையிலயே கணக்கு இருக்கும். அந்தக் கணக்கை வச்சுத் திருத்தினாத்தான் வயலுக்கான வானிலை கிடைக்கும்.

சர்க்யூட் தெரியாதவங்களுக்கும் வேலை இருக்கு. பக்கம் நேரா இருக்கிற ஒரு டின்னை மரம், சுவர் மறைக்காத இடத்துல வைங்க. தினமும் காலையில 8.30க்கு ஸ்கேல் விட்டு அளங்க. எத்தனை மி.மீ. தண்ணி நிக்குதோ அத்தனை மி.மீ. மழை. ஒரு மி.மீ.ன்னா அலட்சியமா நினைக்காதீங்க, ஒரு ஏக்கருக்கு அது 4,000 லிட்டருக்கு மேல.

வானிலை சொல்றவங்களைக் கலாய்க்க ஒரு மீம் போதும். நம்ம ஊர் மழையை நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்ல, தினமும் ஒருத்தர் அளக்கணும். இந்த ஜூன்ல நீங்க ஆரம்பிக்கிறீங்களா?