நோய்க்குறிப்பு யாருக்கு உரியது?

வைத்தியரை மாற்றிக்கொள்வது நம்மவருள் ஏதோ நன்றிகெட்ட செயல்போலக் கருதப்பட்டு வருகின்றது. ஊர் மாறியோ, செலவு தாங்காமலோ, மேலான சிகிச்சையை நாடியோ, அன்றிப் பழைய வைத்தியரிடத்து நம்பிக்கை குன்றியோ ஒருவர் வேறொருவரை அடைய நேரிடின், முன்னவர் அறியாவண்ணமே செல்கின்றார். செல்லும்போது வெறுங்கையோடு செல்கின்றார். "இதற்குமுன் என்ன மருந்து உண்டீர்?" என்று புதிய வைத்தியர் வினவினால், "காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, இரவில் ஒரு மஞ்சள் மாத்திரை" என்பதே விடை. உலகில் வெள்ளை மாத்திரைகள் எத்தனை உள என்று சொல்லவும் வேண்டுமோ! முன்னவரிடம் சென்று குறிப்புக்களின் நகலைக் கேட்டு வாங்கி வரச் சொன்னாலோ, நோயாளி தலைகுனிகின்றார். கேட்பது அவ்வைத்தியரை அவமதிப்பதாகும் என்னும் எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் பிழை என்பதும், அப்பிழையினால் உயிருக்கே ஊறு நேரக்கூடும் என்பதும் யான் கூறக் கருதியவை.

இதனை யான் பிறர் வாய்க் கேட்டு எழுதவில்லை. என் பெரியம்மைக்கு மார்பில் தோன்றிய கட்டியொன்றை, அவர் ஊருக்கு அடுத்த நகரத்து ஆஸ்பத்திரியில் அறுத்து அகற்றினார்கள். அறுவை செவ்வையாகவே நடந்தது. அவ்வைத்தியரின் கைத்திறத்தில் குறைகூற ஒன்றுமில்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு தாளில் சுருக்கம் எழுதித் தந்தனர். அதன் அடியில், கட்டியின் ஆய்வறிக்கை பின்னர் வரும் என்று ஒரு வரி இருந்தது. அவ்வரியை எங்களுள் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. பின்பு பெரியம்மை தம் மகனோடு வசிக்க மதுரைக்குச் சென்றார். அங்கு அவரைப் பார்த்த வைத்தியர் அத்தாளைப் படித்துவிட்டு, "ஆய்வறிக்கை எங்கே? கட்டியின் துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியும் கண்ணாடித் தகடுகளும் எங்கே? அவையின்றி எந்த மருந்தைத் தொடங்குவது?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மார்பகப் புற்றுநோய்களுள் பல, ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைத் துணைக்கொண்டு வளர்வன. மற்றவை அங்ஙனம் அல்லாதன. முன்னையவற்றுக்கு அந்த ஹார்மோனைத் தடுக்கும் மருந்து ஆண்டுக்கணக்கில் கொடுக்கப்படும். பின்னையவற்றுக்கு அம்மருந்தால் பயனில்லை. இரண்டனுள் எது என்பதைக் கட்டியின் துண்டைச் சோதித்தே அறிதல் வேண்டும். கட்டியோ முன்னரே அகற்றப்பட்டுவிட்டது. அதன் துண்டு இருக்குமிடம் முதல் ஆஸ்பத்திரியே.

அங்கு யான் சென்றேன். குறிப்புக்களைக் காக்கும் அறையிலிருந்த எழுத்தர், "சுருக்கம் கொடுத்தாயிற்றே, மேலும் எதற்கு? வழக்குப் போடப் போகின்றீர்களா?" என்றார். இரண்டாம் முறை சென்றபோது வைத்தியரின் உத்தரவு வேண்டும் என்றார். வைத்தியரைக் கண்டேன். அவர் சினக்கவில்லை, வருந்தினார். "என்மேல் உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?" என்று ஒன்றே கேட்டார். யான் நாணி, வாய் திறவாது திரும்பிவிட்டேன். அந்நாணத்தின் விலை 18 நாட்கள். மூன்றாம் முறை எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்துப் பெற்ற தாள்களுள் அவ்வாய்வறிக்கை இருந்தது. அதன்மேல் இட்டிருந்த தேதி, பெரியம்மை வீடு திரும்பியதற்கு 9-ஆம் நாள். அது வந்து, கோவையில் சேர்க்கப்பட்டு, 3 மாதமாக ஒருவர் கண்ணிலும் படாமற் கிடந்தது!

இது ஒருவர் செய்த கொடுமையன்று, வழக்கத்தின் குறை. நம் நாட்டில் வெளிநோயாளிக்கு எழுதும் சீட்டும், எக்ஸ்ரே படமும், இரத்தப் பரிசோதனைத் தாளும் பெரும்பாலும் நோயாளியின் கையிலேயே தரப்படுகின்றன. அவற்றை மஞ்சட்பையில் இட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறும் முதியோரை நாள்தோறும் காண்கின்றோம். நல்ல வழக்கம்தான். ஆனால், படுக்கையில் கிடந்த நாட்களின் குறிப்பு, அஃதாவது அறுவையில் கண்டது யாது, எந்த மருந்து எந்த அளவில் ஏறியது, எது உடம்புக்கு ஒவ்வாது போயிற்று என்பன அடங்கிய கேஸ் ஷீட், ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடுகின்றது. நோய் எளிதாயின் குறிப்பு நம் கையில். நோய் கொடிதாயின் குறிப்பு பிறர் கையில். இது தலைகீழ் முறையன்றோ?

தாள் ஆஸ்பத்திரியின் உடைமை என்பர். ஒப்புக்கொள்வோம். 1992-ஆம் ஆண்டில் கனடா தேசத்து உச்ச நீதிமன்றம் இதனையே ஆராய நேர்ந்தது. பெண்மணி ஒருவர், முன்னை வைத்தியர்கள் கொடுத்து வந்த தைராயிடு மருந்தைப் புதிய வைத்தியரின் சொற்படி நிறுத்தினார். நிறுத்தியபின், தமக்கு முன்பு நிகழ்ந்த சிகிச்சையைப் பற்றி அவருக்கு ஐயம் எழுந்தது. தம்மைப் பற்றிய குறிப்புக்கள் முழுவதையும் புதிய வைத்தியரிடம் கேட்டார். அவரோ தாம் எழுதியவற்றை மட்டும் தந்து, முன்னையோர் எழுதியவை அவரவருக்கே உரியன என்று மறுத்தார். தாள் வைத்தியருடையதாயினும், சிகிச்சைக்குப் பயன்பட்ட செய்தி யார் எழுதியதாயினும் அதனைக் காணவும் நகல் பெறவும் நோயாளிக்கு உரிமை உண்டென்பது நீதிமன்றத்தின் முடிவு. காட்டுவதால் கேடு விளையும் என்று மறுக்க வேண்டின், அதனை நிறுவும் பொறுப்பு வைத்தியருடையது என்றும் கூறிற்று.

நம் நாட்டிலும் இது புதிதன்று. கேஸ் ஷீட்டின் நகலை நோயாளியோ நெருங்கிய உறவினரோ கேட்டால், இரகசியம் என்று சொல்லி மறுத்தல் ஆகாது என்று 1996-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகலெடுக்கும் செலவை வாங்கிக்கொள்ளத் தடையில்லை. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வகுத்த ஒழுக்க விதிகளின்படி, நோயாளியாவது அவரால் அதிகாரம் பெற்ற துணைவராவது கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தருதல் வேண்டும், தவறுவது ஒழுக்கக்கேடு. இவ்விதி வந்து 20 ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வெழுத்தர் அதனைக் கேள்வியுற்றதாகத் தெரியவில்லை. யானும் அன்று அறிந்திலேன்.

மறுப்போர் கூறும் காரணங்கள் சில உள. கல்லாதவர் குறிப்பைப் படித்துத் தவறாகப் பொருள் கொள்வர் என்பது ஒன்று. குறிப்பு வேண்டப்படுவது அடுத்த வைத்தியர் படிப்பதற்கு, அவர் கற்றவரே. இன்னொன்று, வழக்கு மன்றத்துக்கு இழுப்பர் என்னும் அச்சம். இது முழுதும் ஆதாரமற்றதென்று சொல்ல மாட்டேன். வைத்தியர்மீது பழி தூற்றுவதும், ஆஸ்பத்திரிக் கண்ணாடிகளை உடைப்பதும் நம்மிடையே நிகழ்கின்றன, அவை வெட்கத்துக்குரியன. ஆயினும், மறைப்பதனால் ஐயம் வளருமேயன்றி அடங்காது. செவ்வையாகச் சிகிச்சை செய்தவருக்கு அவர் எழுதிய குறிப்பைக் காட்டிலும் வலிய சாட்சி யாது?

நம்மவர் குறிப்பைக் கேளாமைக்கு மொழியும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகின்றது. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மாணாக்கருக்குக் கற்பித்தார். அவர் காலத்துக்குப்பின் இத்தனை ஆண்டு கழிந்தும், நம் கையில் வரும் சுருக்கம் ஆங்கிலத்தில், அதுவும் மூன்றெழுத்துக் குறுக்கங்களால் நிறைந்து கிடக்கின்றது. படிக்க இயலாத தாளைக் கேட்டுப் பெறும் ஆர்வம் யாருக்கு எழும்?

கணினி வந்துவிட்டதே, இனி இக்கவலை எதற்கு என்பாரும் உளர். 2021-இல் அரசினர் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் விரும்பியோர் 14 இலக்கமுள்ள எண் ஒன்றைப் பெற்று, தம் குறிப்புக்களை அதனோடு இணைத்துக்கொள்ளலாம். வரவேற்கத்தக்கதே. எனினும், ஆஸ்பத்திரி அக்குறிப்பை ஏற்றினாலன்றி எண் வெறும் எண்ணே. மெழுகுக் கட்டியும் கண்ணாடித் தகடும் கம்பி வழியே வாரா.

ஆகவே, விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்கள் தம் வீட்டுப் பெரியோருக்காக இதனைச் செய்யலாம். விண்ணப்பம் எழுத்தில் இருக்கட்டும். நோயாளியின் கையொப்பமும், ஆஸ்பத்திரி கொடுத்த எண்ணும், படுத்திருந்த தேதிகளும் அதில் இருக்கட்டும். பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமும் தேதியும் வாங்குக; 72 மணி நேரம் அன்றுமுதல் கணக்கு. சுருக்கம் மட்டும் போதாது. அறுவைக் குறிப்பு, மருந்து அட்டவணை, ஆய்வறிக்கைகள், படங்கள் என்று பெயர் சொல்லிக் கேட்க. பின்னர் வரும் என்று எழுதியிருப்பின், எந்நாள் என்று அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்க. காலந்தாழ்த்தலும் ஆகாது; மேற்கூறிய விதிகள் உள்நோயாளிக் குறிப்பைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுக்கே காக்கச் சொல்கின்றன.

பெரியம்மையின் தாள்கள் இப்பொழுது பழைய பிஸ்கோத்துத் தகரப்பெட்டி ஒன்றில், அவர் வேதப்புத்தகம் இருக்கும் அலமாரியில் உள்ளன. சென்ற மாதம் மதுரை வைத்தியரும் வேறூருக்குப் பணிமாறிச் சென்றார். செல்லுமுன் தாமே அழைத்துத் தம் குறிப்புக்களின் நகலையும், அடுத்தவருக்கு ஒரு கடிதத்தையும் பெரியம்மையின் கையில் கொடுத்தாராம். நாங்கள் கேட்கவேயில்லை.