டிஎஸ்எச் நார்மல், அப்புறம்?

பி.காம் படிக்கிறவனுக்கு பிட்யூட்டரி எதுக்குன்னு கேட்காதீங்க. இது எங்க பெரியம்மா கதை.

ரெண்டாவது பிரசவத்தில் அவங்களுக்கு ரத்தம் நிறைய போயிடுச்சு. பால் சுரக்கல, மாதவிலக்கும் திரும்ப வரல. அப்புறம் பத்து வருஷம் ஒரே அசதி, குளிர் தாங்காது. போன இடத்தில் எல்லாம் டிஎஸ்எச் மட்டும் பார்த்து 'நார்மல்'னு அனுப்பிட்டாங்க. கடைசியில் தெரிஞ்சது, ஷீஹான் சிண்ட்ரோம்.

கர்ப்பத்தில் பிட்யூட்டரி பெருத்திருக்கும். பிரசவத்தில் ரத்தம் போய் பிரஷர் இறங்கினா அது செத்துடும். ஹெரால்ட் ஷீஹான் 1937-லேயே எழுதிட்டார். 2005-ல் வந்த காஷ்மீர் ஆய்வு, 20 வயசு தாண்டிய பெண்களில் சுமார் 3 சதவீதம்னு சொல்லுது. கட்டி, தலைக்காயம், ரேடியேஷன், ஏன், கண்ணாடிவிரியன் கடிகூட பிட்யூட்டரியைக் கெடுக்கும்.

டிஎஸ்எச் என்பது தைராய்டுக்கு பிட்யூட்டரி அனுப்பும் ஆர்டர். ஆர்டர் போடுற ஆபீஸே படுத்துட்டா, அந்த நம்பரை வெச்சு என்ன முடிவு பண்றது? அது நார்மலாவே காட்டலாம். டிரயல் பேலன்ஸ் டாலி ஆனா கணக்குல தப்பே இல்லைன்னு நம்புற ஃபர்ஸ்ட் இயர் பையன் மாதிரிதான் (நானும் அப்படித்தான் இருந்தேன்). கூடவே ஃப்ரீ டி4, காலை 8 மணி கார்டிசால் பார்க்கணும், அப்புறம் எம்ஆர்ஐ. கார்டிசால் குறைவைக் கவனிக்காம தைராய்டு மாத்திரையை மட்டும் ஆரம்பிச்சா உயிருக்கே ஆபத்து.

செலவுன்னு சொல்வீங்க. சரி, "பிரசவத்தில் ரத்தம் போச்சா, பால் வந்துச்சா?"ன்னு கேட்க எவ்வளவு ஆகும்? பெரியம்மாவை பத்து வருஷம் யாரும் கேட்கல.