ஊசி எல்லாருக்கும் போடத் தெரியும்

பக்கவாதத்துக்குப் பிறகு கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டவர்கள், மூளை முடக்குவாதத்தால் தொடைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட குழந்தைகள், தண்டுவடம் அடிபட்டுக் கால் விறைத்துப்போனவர்கள். இவர்களுக்கான தசை இறுக்கச் சிகிச்சையில் டாக்டர்களுக்கும் பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கும் மேற்பயிற்சி வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். உடனே பதில் வரும்: "தசையில் ஊசி போட என்ன பயிற்சி? எம்.பி.பி.எஸ். முதல் வருஷ அனாட்டமி போதும். மிச்சத்தை பிசியோ பார்த்துக்கொள்வார்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

முதலில் அந்த ஊசி. மெல்போர்னில் மூளை முடக்குவாதமுள்ள 226 குழந்தைகளுக்குத் தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசி போட்டபோது, கையால் தடவிப் பார்த்துச் செலுத்திய ஊசி சரியான தசைக்குள்தான் இருக்கிறதா என்று மின்தூண்டல் மூலம் சோதித்தார்கள். 2005இல் வெளியான முடிவு இது: கெண்டைக்கால் தசையில் முக்கால்வாசிக்கு மேல் குறி தப்பவில்லை. தொடையின் உள்பக்கத் தசைகளில் 67 சதவீதம். முன்கை, கைத் தசைகளில் 13 முதல் 35 வரைதான். பாதத்தை உள்பக்கம் திருப்பும், காலின் ஆழத்தில் கிடக்கும் தசையிலோ வெறும் 11 சதவீதம். பாதம் உள்வாங்கிய குழந்தைக்கு முக்கியமான தசையே அதுதான். மருந்தோ விலை அதிகம். தவறான இடத்தில் போட்டுவிட்டால் மறுபடி போடப் பொதுவாக மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஸ்கேன் பார்த்தோ மின்தூண்டல் வைத்தோ போடுவதற்கு முதல் வருஷ அனாட்டமி போதாது. ஒரு நிறுவனத்தின் 'யூனிட்'டும் இன்னொன்றின் 'யூனிட்'டும் ஒன்றல்ல என்பதையும் அந்த அனாட்டமி சொல்லித் தராது.

ஆனால் குறி தப்புவதைவிடப் பெரிய சிக்கல் குறி தப்பாமல் போட்டுவிடுவதில் இருக்கிறது. இறுக்கம் என்றாலே நோய், எடுத்துவிட வேண்டியதுதானே என்பது இரண்டாவது வாதம். பலம் போன காலில் பலர் நிற்பது அந்த விறைப்பின் தயவில்தான். முழங்காலை நீட்டிப் பிடித்திருக்கும் தசையைத் தளர்த்திவிட்டால், கம்பு ஊன்றி நடந்துகொண்டிருந்தவர் மறுவாரம் கட்டிலில் கிடப்பார். அளவீட்டுத் தாளில் 'முன்னேற்றம்' என்றுதான் பதிவாகும்!

இறுக்கத்திலேயே இரண்டு வகை உண்டு. மூட்டை வேகமாக நீட்டினால் பாதியில் தடுக்கிறது, மெதுவாக நீட்டினால் முழுக்கப் போகிறது என்றால் அது நரம்பு செய்கிற இறுக்கம், மருந்து கேட்கும். மெதுவாக நீட்டினாலும் அதே இடத்தில் நின்றுவிட்டால் தசையே குறுகிவிட்டது. அங்கே எத்தனை ஊசி போட்டாலும் வீண். வாரத்துக்கு வாரம் மாற்றும் மாவுக்கட்டோ, அறுவையோதான் வழி. டார்டியூ முறை என்கிற இந்தச் சோதனைக்குக் கருவி அதிகம் வேண்டாம், ஒரு கோணமானியும் பழகிய கையும் போதும். பழக்கிவிட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பலன் எதில் என்பதிலும் தெளிவு வேண்டும். பிரிட்டனில் பக்கவாத நோயாளிகள் 333 பேரிடம் நடந்த சோதனையில், பயிற்சியோடு ஊசியும் பெற்றவர்களுக்குத் தசை தளர்ந்தது. உள்ளங்கையைக் கழுவவும், சட்டைக் கைக்குள் கையை நுழைக்கவும் எளிதானது. கை பழையபடி வேலை செய்யத் தொடங்கவில்லை. இதை முன்கூட்டியே குடும்பத்திடம் சொல்லி, எதற்காக இந்த ஊசி என்று சேர்ந்து முடிவெடுப்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய வேலைதான்.

மூன்றாவது வாதம்: "இதெல்லாம் பணக்கார நாடுகளின் ஆடம்பரம்." எனக்கு எரிச்சல் தருவது இதுதான். பொட்டுலினம் வாங்க முடியாதவருக்கு ஃபீனால் இருக்கிறது. விலை சொற்பம், உடனே வேலை செய்யும், பல மாதம் நிற்கும். ஆனால் மின்தூண்டலால் நரம்பைத் தேடிப் பிடித்துப் போட வேண்டும். உணர்ச்சி நரம்பு கலந்த இடத்தில் பட்டுவிட்டால் மாதக்கணக்கில் எரிச்சல் வலி. மருந்து மலிவாக ஆக, போடுபவருக்குத் திறமை கூடுதலாக வேண்டியிருக்கிறது. அப்படியென்றால் பயிற்சி முதலில் தேவைப்படுவது ஏழை நோயாளிகள் வரும் ஆஸ்பத்திரியில்தானே? வேலூரில் இது தெரிந்துதான் இருந்தது. 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், அத்தோடு நிற்காமல் நியூயார்க் போய் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். வேலூரில் மறுவாழ்வு நிலையம் வந்தது 1966இல்.

பயிலரங்குகள் மருந்து நிறுவனங்களின் விளம்பரம் என்கிறார்களே? பெரும்பாலும் உண்மை. ஊசி விற்பவர் ஊசியைத்தான் சொல்லித் தருவார். ஃபீனாலையும் மாவுக்கட்டையும் சொல்லித் தந்து லாபம் பார்க்க யாருமில்லை. அதனால் மருத்துவக் கல்லூரிகள் இந்தப் பயிற்சியைத் தங்கள் கையில் எடுக்க வேண்டும். பயிற்சியே வேண்டாம் என்பது இதிலிருந்து எப்படி வருகிறது?

கடைசியாக, "மிச்சத்தை பிசியோ பார்த்துக்கொள்வார்." பிரிட்டனில் மேற்பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டுகள் 2013 முதல் தாங்களே மருந்து எழுதலாம், ஊசி போடுபவர்களும் உண்டு. இங்கே அந்த அளவுக்குப் போகச் சொல்லவில்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டும் நர்ஸும் வீட்டுக்கே போகிறார்கள். இறுக்கம் திடீரென்று கூடியதை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த கால்நகம், இதில் ஏதாவது ஒன்று காரணமாக இருக்கலாம். இறுக்கத்தைக் குறைக்கும் பேக்லோஃபென் மாத்திரை தீர்ந்துபோய் சட்டென்று நின்றிருக்கலாம். அதைக் கவனிக்காவிட்டால் பிதற்றல், வலிப்பு வரை போகும். போர்வையை விலக்கிக் காலையும் சிறுநீர்க் குழாயையும் பார்த்து, மாத்திரை அட்டையை வாங்கிப் பார்க்க அவர்களுக்குச் சொல்லித் தந்திருந்தால், அந்த நோயாளிகளில் பலரை ஊசிக்கென்று பஸ் ஏற்றி மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியே இருக்காது.